கொல்லிமலைச் சேறும் வலியறியாக் கைகளும்

(அரியூர் நாட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கொல்லிமலையின் வரலாறு என்றால் எல்லோரும் ஓரியிடம்தான் தொடங்குவார்கள். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்த வல்வில் ஓரி. அவனைக் கொன்று இந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்த மலையமான் திருமுடிக்காரி. சிரித்தே உயிர் வாங்கும் கொல்லிப்பாவை. அதன்பின் அறப்பளீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளைத் தொட்டுவிட்டு, ஒரே தாவலில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதைக்கு வந்துவிடுவார்கள். ஆடிப் பதினெட்டையொட்டி ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. எடுக்கட்டும், அவன் அதற்குத் தகுதியானவன். ஆனால் ஓரிக்கும் நமக்கும் நடுவில் இந்த மலையில் மக்கள் வாழ்ந்தார்கள், நோயுற்றார்கள், வயல் திருத்தினார்கள், பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் காலத்தின் ஒரு சிறு பகுதியைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். 1914-க்கும் 1923-க்கும் இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகள். அந்த ஒன்பது ஆண்டுகளில் இங்கே வளர்ந்த ஒரு சிறுவனால், உலகம் முழுவதும் தொழுநோயையும் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணையும் மருத்துவம் பார்க்கும் விதம் மாறியது. இந்தக் கதை வேலூரில் கொஞ்சம் தெரியும். அமெரிக்காவில் கொஞ்சம் தெரியும். இந்த மலையில் பிறந்த பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது பல ஆண்டுகளாகச் சர்க்கரை இருந்தால், மருத்துவமனையில் அவர் பாதத்தைச் சோதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பிடியின் நுனியில் மெல்லிய நைலான் இழை இருக்கும். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, அந்த இழை வளையும்வரை பாதத்தில் அங்கங்கே அழுத்துவார்கள். அது வளைய 10 கிராம் அழுத்தம் வேண்டும். அந்த 10 கிராமை உணர முடியாத பாதம் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். இந்த அளவுகோலை 1980-களில் வகுத்துக் கொடுத்தவர்கள் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்காரர்கள். சர்க்கரை நோயாளியின் காலுக்கான அளவுகோல் தொழுநோய் மருத்துவமனையிலிருந்து ஏன் வர வேண்டும்? அங்கே மறுவாழ்வுப் பிரிவுக்குத் தலைமை ஏற்றிருந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், இரண்டு நோய்க்கும் அடியில் இருப்பது ஒரே கேடு என்று கண்டு சொல்லியிருந்தார். அவர் நடை பழகியது கொல்லிமலையில்.

அவருடைய தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் 1907-இல் இங்கிலாந்திலிருந்து வந்த பாப்டிஸ்ட் மிஷனரி. மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் இருந்துகொண்டு மேலே பார்த்தவர், மலைக்கே போய்விட முடிவு செய்தார். 1913-இல் அவருக்கும் எவலின் ஹாரிஸ் என்ற பெண்மணிக்கும் திருமணம் நடந்தது. எவலின் லண்டனின் வசதியான வணிகக் குடும்பத்துப் பெண், ஓவியம் பயின்றவர், 1879-இல் பிறந்தவர். திருமணம் முடிந்த கையோடு இருவரும் மலையேறினார்கள். சாலை கிடையாது. ஒற்றையடிப் பாதைதான். சுமைகளும் டோலியும் மலைக்காரர்கள் தோளில்தான் ஏறின. பிராண்ட் குடும்பத்தைப் பற்றி வந்த புத்தகங்களில் தேதிகளும் பெயர்களும் நிறைய உண்டு. அந்தத் தோள்களுக்கு மட்டும் பெயர் இல்லை. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பின்னால் இதற்கு வருவேன்.

வாழவந்தியில் ஜெஸ்ஸி தம் கையாலேயே மரவீடு கட்டினார். கல் தூண்களின்மேல் வீடு. கறையான் ஏறாதபடி ஒவ்வொரு தூணின் தலையிலும் கவிழ்த்த தகரத் தட்டு. தச்சு வேலை, கொத்து வேலை, கொஞ்சம் மருத்துவம் எல்லாம் தெரிந்தவர். முழு மருத்துவர் அல்லர். மிஷனரிகளுக்கென்று நடந்த ஓராண்டு மருத்துவப் பயிற்சி பெற்றவர். பல்லைப் பிடுங்குவார், கட்டியைக் கீறுவார், காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பார்.

அவரிடம் வந்த நோய்களில் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று இந்த அவையில் இருக்கும் இளையவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அது நரம்புச் சிலந்தி. குளத்து நீரில், படிக்கிணற்று நீரில் கண்ணுக்கு எட்டாத சிறு பூச்சிகள் உண்டு. அவற்றின் வயிற்றில் புழுவின் குஞ்சு இருக்கும். அந்த நீரைக் குடித்தவர் உடம்பில் ஏறத்தாழ ஓராண்டு அந்தப் புழு வளரும். ஒரு மீட்டர் நீளம்வரை வளர்ந்து, பெரும்பாலும் காலில் கொப்புளம் கட்டி வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் அந்த ஆள் காலைத் தண்ணீரில் வைப்பார். புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் கொட்டும். அடுத்த ஆண்டுக்கான நோய் அப்போதே விதைக்கப்பட்டுவிடும். புழுவை ஒரேயடியாக இழுத்தால் அறுந்துபோகும். அறுந்த பகுதி உள்ளே சீழ் வைத்து ஆளையே முடக்கிவிடும். ஒரு குச்சியில் சுற்றி நாளுக்குக் கொஞ்சமாக, வாரக்கணக்கில் இழுக்க வேண்டும். அப்பா அப்படிக் குச்சியில் சுற்றி இழுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்ததைப் பால் பிராண்ட் வயதான காலத்திலும் எழுதினார்.

ஜெஸ்ஸி புழுவை இழுத்ததோடு நிற்கவில்லை. கிணற்றில் யாரும் இறங்கிக் கால் வைக்க முடியாதபடி சுற்றுச்சுவர் எழுப்பச் சொன்னார். அவ்வளவுதான் மருந்து. இந்த நோய்க்கு இன்றுவரை தடுப்பூசியும் கிடையாது, கொல்லும் மருந்தும் கிடையாது. 1986-இல் உலகத்தில் ஆண்டுக்கு 35 லட்சம் பேரைப் பிடித்திருந்த நோய், இன்று ஆண்டுக்குச் சில பேர் என்று சுருங்கியிருப்பது நீரை வடிகட்டியும் நீரில் கால் வைக்காமல் தடுத்தும்தான். இந்தியாவில் கடைசி நோயாளி 1996-இல் பதிவானார். 2000-இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்தியாவை இந்நோயற்ற நாடாக அறிவித்தது. அந்தப் பெரிய வெற்றியின் வழிமுறை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கொல்லிமலைக் கிணற்றங்கரையில் கல்லாக அடுக்கப்பட்டிருந்தது. சுவர் கட்டச் சொன்னவர் வெள்ளைக்காரர். கட்டியவர்களும், நூற்றாண்டுப் பழக்கத்தை விட்டுவிட்டு நீரைச் சேந்திக் குடிக்கப் பழகியவர்களும் உங்கள் பாட்டன்மார், பாட்டிமார். பழக்கத்தை மாற்றிக்கொள்வது கல் சுமப்பதைவிடக் கடினமான வேலை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மிஷனரிகளின் புத்தகங்களில் மலை மக்கள் அறியாமையில் கிடந்தவர்களாகவும், ஊர்ப் பூசாரி எதிரியாகவும் வருகிறார்கள். பூசாரியின் தடையால் ஆறேழு ஆண்டுகள் ஒருவர்கூடச் சமயம் மாறவில்லை என்கின்றன அவை. ஒரு சமூகம் தன் தெய்வத்தை விட்டுக்கொடுக்காமல் நின்றதில் எனக்குக் குறை தெரியவில்லை. காஞ்சியிலிருந்து தெய்வத்தைச் சுமந்துகொண்டு வந்த அண்ணன் தம்பிகளின் வழி வந்தவர்கள் நாங்கள் என்று இன்றும் சொல்கிற மக்கள் நீங்கள்; தெய்வத்தை எளிதில் இறக்கி வைத்துவிடுவீர்களா?

அதே புத்தகங்களில் அதே பூசாரியைப் பற்றி இன்னொரு செய்தியும் இருக்கிறது. 1918-இல் உலகைச் சூறையாடிய இன்ஃபுளுயன்சா இந்த மலைக்கும் ஏறியது. இந்தியாவில் மட்டும் கோடிக்கும் மேலானவர்கள் மாண்ட நோய் அது. ஊர் ஊராக அடுப்பு எரியவில்லை. சமைக்க எழுந்து நிற்க ஆளில்லை. ஜெஸ்ஸியும் எவலினும் பெரிய பாத்திரங்களில் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொண்டுபோய் ஊற்றினார்கள். பூசாரியும் மனைவியும் படுத்துவிட்டார்கள். சாவுக்குப் பயந்து யாரும் கிட்டே போகவில்லை. பிராண்ட் தம்பதி போனார்கள். சாகும் நேரத்தில் அந்தப் பூசாரி தம் கைக்குழந்தையை இவர்களிடமே ஒப்படைத்தார். அந்தப் பெண் குழந்தை ரூத் என்ற பெயரில் அவர்கள் வீட்டில் வளர்ந்தது. மிஷன் புத்தகங்கள் இதைச் சமயத்தின் வெற்றி என்று எழுதுகின்றன. நான் படிக்கும்போது எனக்குத் தெரிவது, பிள்ளை பிழைக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்த ஒரு தகப்பனின் தெளிவு. ஆண்டுக்கணக்கில் யாரை எதிர்த்தாரோ அவரையே கூர்ந்து பார்த்து எடைபோட்டும் வைத்திருந்தார் அவர்.

இனி அந்தச் சிறுவன். பால் பிராண்ட் 1914 ஜூலை 17-இல் பிறந்தார். கான்னி என்ற தங்கை. இருவரும் மலைப் பிள்ளைகளோடு செருப்பில்லாமல் ஓடித் திரிந்தார்கள். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே வந்தது. பாலுக்கு வீட்டுக்குள் உட்கார்ந்து படிக்கப் பிடிக்காது. அம்மா கணக்கு எழுதிக் கொடுத்தால் பலா மரத்தின் மேல் ஏறிக் கிளையில் உட்கார்ந்து போடுவான். விடையைக் கயிற்றில் கட்டி இறக்குவான். கொல்லிமலைப் பலாவுக்கு இப்படியும் ஒரு பெருமை உண்டு.

ஒருநாள் தொழுநோய் முற்றிய மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார்கள். ஒளிந்திருந்து பார்த்தான் பால். எந்த நோயாளிக்கும் அஞ்சாத அப்பா, அன்று கையுறை போட்டுக்கொண்டார். புண்களைக் கழுவி, களிம்பிட்டுக் கட்டினார். அவர்கள் முகத்தில் வலியே தெரியவில்லை. இது அந்தச் சிறுவனுக்குப் புதிராக இருந்தது. அம்மா கூடையில் பழம் கொடுத்தார். அவர்கள் போன பிறகு அந்தக் கூடையை எரித்தார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் விளையாடக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் தடை. எதிரிக்கும் கஞ்சி ஊற்றிய வீட்டிலேயே இந்த நோயின்மேல் இவ்வளவு அச்சம் இருந்தது என்றால், வெளியே எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்துச் சொல்லப்போவதுதான் இன்று நான் இங்கே வந்ததற்கே காரணம்.

மலையின் மடிப்புகளில் ஓடையை ஒட்டிப் படிப்படியாக இறங்கும் நெல்வயல்களை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேல் வயல் நிறைந்தால் மடை வழியாகக் கீழ் வயலுக்கு நீர் இறங்கும். அது நிறைந்தால் அடுத்ததற்கு. வரப்பு புல்வேர் பிடித்த மண். பால் ஒருநாள் மலைப் பையன்களோடு சேர்ந்து அப்படியொரு வயலில் தவளை பிடித்துக்கொண்டிருந்தான். யார் அதிகம் பிடிப்பது என்று போட்டி. சேறு கலங்கி, நாற்று சாய்ந்து ஒரே ஆர்ப்பாட்டம். வயல்களைக் காத்துவந்த கிழவர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். பிள்ளைகள் எல்லோரும் தாத்தா என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். அவரைக் கண்டதும் மற்றவர்கள் விலக, மாட்டிக்கொண்டவர்கள் நின்றார்கள். அவர் அடிக்கவில்லை. குனிந்து ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளி, இது என்ன என்று கேட்டார். சேறு என்றார்கள். யாருடையது என்றார். உங்களுடையது தாத்தா, உங்கள் வயல்தானே என்றார்கள். பிறகு அவர்களை மடைக்கு அழைத்துப் போனார். அதில் என்ன ஓடுகிறது என்று கேட்டார். தண்ணீர் என்றார்கள். அவருக்குக் கோபம் வந்தது. யாரும் கலக்காத இன்னொரு மடைக்கு இழுத்துப் போய், தெளிந்து ஓடும் நீரைக் காட்டினார். இதுதான் தண்ணீர், அங்கே ஓடுவது என் மண் என்றார். ஒரு கைப்பிடிச் சேறு இருந்தால் ஒரு ஆளுக்கு ஒரு வேளைச் சோறு விளையும்; அது ஆண்டுதோறும் விளையும்; என் பாட்டனுக்கும் முன்னால் இருந்து விளைகிறது. கீழே போன சேறு மேலே ஏறி வராது. இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

பால் பிராண்ட் எழுபது வயதைத் தொட்ட காலத்தில், 1980-களில், இதை ஒரு கட்டுரையாக எழுதினார். ஒரு கைப்பிடிச் சேறு என்பதுதான் அதன் தலைப்பும். அதற்குள் அவர் உலகம் சுற்றிவிட்டிருந்தார். எத்தியோப்பியாவில் மண் முழுவதும் அரித்துப்போன மலைச் சரிவுகளைப் பார்த்தார். கல்லில் விதைக்கும் தொழுநோயாளிக் குடும்பங்களைப் பார்த்தார். கார்வில்லில் தம் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடிய மிசிசிப்பியின் பழுப்பு நிறத்தில், மேலே ஏறி வராத மண்ணைப் பார்த்தார். நில மேலாண்மைக் கொள்கையில் தம் குரலுக்கு இடம் கிடைக்குமானால் மருத்துவத்தையே விட்டுவிடத் தயார் என்று அந்தக் கட்டுரையில் எழுதினார். யார் இப்படி எழுதியது? ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆயிரக்கணக்கான கைகள் நிமிரக் காரணமானவர். அவர் தம் வாழ்நாள் வேலைக்கும் மேலாக வைத்தது, எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத ஒரு கொல்லிமலை உழவர் மடையோரத்தில் நடத்திய ஒரு பாடத்தை. அறியாமையில் கிடந்த மக்கள் என்று எழுதிய புத்தகங்களுக்கு, அதே குடும்பத்தின் பிள்ளை தம் கைப்பட எழுதிய பதில் இது என்றே நான் கொள்கிறேன்.

1923-இல், ஒன்பது வயதில், பாலையும் தங்கையையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். அப்பாவை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. 1929 ஜூனில் ஜெஸ்ஸி மலேரியா முற்றிவந்த கருநீர்க் காய்ச்சலில் இங்கேயே இறந்தார். செய்தி தந்தியில் போய்விட்டது. அதற்குமுன் அவர் எழுதிய கடிதங்கள் கப்பலில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. அப்பா இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகும், மலையின் மரங்களைப் பற்றியும் பறவைகளைப் பற்றியும் அப்பா எழுதிய கடிதங்கள் வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்தன.

பால் முதலில் கட்டடத் தொழில்தான் கற்றார். தச்சு, கொத்து என்று நான்கைந்து ஆண்டுகள். அப்பாவைப் போல மலைக்குத் திரும்பி வீடும் பள்ளியும் கட்டுவது எண்ணம். பிறகுதான் மருத்துவம். லண்டனில் குண்டு விழுந்த காலத்தில் அறுவை மருத்துவரானார். 1946 முடிவில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அவரை அழைத்தவர் ராபர்ட் காக்ரேன் என்ற தொழுநோய் வல்லுநர். 1947-இல் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுத் திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையத்துக்கு அழைத்துப் போனார். விரல்கள் மடங்கிக் கொக்கியாகிப் போன கைகளைப் பார்த்துப் பால் கேட்டார்: இந்தக் கைகளுக்கு என்ன செய்கிறீர்கள்? எலும்பு மருத்துவர் நீங்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார் காக்ரேன். கோடிக்கும் மேலான நோயாளிகள் உலகில் இருந்தும் எந்த எலும்பு மருத்துவரும் அதுவரை இந்த நோயைத் தம் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நோயாளியின் கொக்கிக் கைக்குள் தம் கையை வைத்து, முடிந்தவரை அழுத்துங்கள் என்றார் பால். வலுவில்லாத கை என்று நினைத்தார்; நகம் பதியும் அளவுக்குப் பிடி இறுகியது. செத்துப்போன கை என்று எல்லோரும் சொன்ன கையில் இவ்வளவு வலுவா? அங்கே தொடங்கியது ஆராய்ச்சி. முழங்கையை ஒட்டிப் போகும் நரம்பு பழுதாவதால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன. முன்கையின் பெரிய தசைகள் பலவும் நன்றாகவே இருக்கின்றன. ஒரு மடை தூர்ந்து வயல் காயும்போது நீர் உள்ள வேறு வாய்க்காலிலிருந்து மடை திருப்புவதுபோல, நல்ல தசையின் நாணை எடுத்து வழிமாற்றி விரல்களில் இணைத்தால் என்ன? தொழுநோயாளியின் சதை ஆறாது, கத்தி வைக்கக் கூடாது என்பது அன்றைய மருத்துவ நம்பிக்கை. 1948 வாக்கில் வேலூரில் கத்தி வைத்தார்கள். சதை எல்லோருடையதையும்போல ஆறியது. விரல் நிமிர்ந்தது. கையால் சோறு உருட்டி வாயில் வைக்க முடிந்தது. நம் நாட்டில் அது எவ்வளவு பெரிய மீட்சி என்பது நமக்குத் தெரியும்.

ஆனால் நிமிர்ந்த கையோடு ஊருக்குப் போன சிலர் திரும்பி வந்து முறையிட்டார்கள்: இந்தக் கை பிச்சைக்கு ஆகாத கை. கொக்கிக் கையைப் பார்த்துக் காசு போட்டவர்கள் நிமிர்ந்த கையைப் பார்த்துப் போடவில்லை. நோய் இருந்தவர் என்பதால் வேலையும் கொடுக்கவில்லை. 1951-இல் கல்லூரி வளாகத்தின் ஓர் ஓரத்தில் நவஜீவ நிலையம் தொடங்கியது. குடிசைகள், ஒரு பட்டறை. மரப்பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அந்த அறுவை மருத்துவரேதான். வீணாகப் போய்விட்டதே என்று அவர் நினைத்திருந்த அந்த நான்கைந்து ஆண்டுத் தச்சு வேலை பட்டறைக்குள் உயிர் பெற்றது.

அந்த நிலையத்தில்தான் பெரிய உண்மை பிடிபட்டது. ஒரு கிடங்கின் துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் பால் திணறிக்கொண்டிருந்தார். நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து, நான் பார்க்கிறேன் என்று சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவன் விரலிலிருந்து ரத்தம் சொட்டியது. சாவி எலும்புவரை சதையை அறுத்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. வலுவான பெரியவர் ஏன் திறக்க முடியவில்லை? வலி அவரை நிறுத்தியது. சிறுவனை நிறுத்த வலி இல்லை. அப்படியானால் தொழுநோயில் விரல் அழுகி விழுகிறது என்று ஆயிரம் ஆண்டுகளாகச் சொல்லிவந்தது தவறு. கிருமி நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டதால் வலி போகிறது. வலி போனதால் அந்த மனிதர் கொதிக்கும் பாத்திரத்தைத் தொடுகிறார், ஆணிமேல் நடக்கிறார், காயம் சீழ் பிடித்து எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது.

ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடத் தொடங்கினார்கள். ஒன்றுமட்டும் விளங்கவில்லை. இரவில் முழுதாக இருந்த விரல் காலையில் குறைந்திருந்தது. விழித்திருந்து காவல் பார்த்தபோது தெரிந்தது: எலி. தூங்குகிறவர் விரலை எலி கடிக்கிறது. வலி இல்லாததால் அவர் விழிக்கவில்லை. அதன்பின் நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரும் கூடவே ஒரு பூனையையும் கொண்டுபோக வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். நூற்றாண்டுகளாகச் சாபம் என்று சொல்லப்பட்டதற்கு ஒரு பூனைக்குட்டி மருந்தானது.

1966-இல் பால் கார்வில்லுக்குப் போனார். அங்கே எலிகளின் பாதத்தில் ஒரே இடத்தில் மிதமான அழுத்தத்தை நாள்தோறும் ஆயிரக்கணக்கான தடவை கொடுத்துப் பார்த்தார்கள். சில நாட்களில் அந்த இடம் வீங்கிப் புண்ணானது. பெரிய காயம் தேவையில்லை, ஒரே மாதிரி மிதிப்பதே போதும். நாம் நெடுந்தூரம் நடக்கும்போது நம்மை அறியாமலே மிதியை மாற்றிக்கொள்கிறோம். மலைப்பாதையில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வலி உணராத கால் மாற்றிக்கொள்ளாது. தொழுநோயாளியின் கால் புண்ணும் சர்க்கரைக்காரரின் கால் புண்ணும் ஒன்றுதான் என்று அவர் சர்க்கரை நோய் மருத்துவர்களிடம் சொன்னார். கொழும்பில் மில்ராய் பால் என்ற தமிழ் அறுவை மருத்துவர் 1930-களிலேயே தொழுநோய்க் கால் புண்ணை மாவுக்கட்டால் ஆற்றிவந்தார்; அந்த முறையையும் பிராண்ட் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். இன்று ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கு உலகம் முழுவதும் மதிக்கப்படும் சிகிச்சை அதுவே. வேலூரிலும் காரிகிரித் தொழுநோய் மருத்துவமனையிலும் பழக்கத்துக்கு வந்த மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பைச் சர்க்கரை நோயாளிகள் இன்று கடையில் கேட்டு வாங்குகிறார்கள். நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். கொல்லிமலையின் பெயரை அறியாமலேயே அவர்கள் இந்தக் கதைக்குள் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

எலக்ட்ரானிக் கருவிகளால் செயற்கை வலி உண்டாக்கவும் கார்வில்லில் முயன்றார்கள். கையுறையில் அழுத்தமானிகள், அழுத்தம் கூடினால் காதில் ஒலி, பிறகு மின்னதிர்ச்சிகூட. நோயாளிகள் கருவியை அணைத்துவிட்டு வேலையைச் செய்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. வலிக்கு மாற்று செய்ய மனிதனால் முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு, பால் பிராண்ட் 1993-இல் வலியைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். யாரும் விரும்பாத பரிசு என்று அதற்குப் பெயர் வைத்தார். 2003 ஜூலை 8-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இறந்தார்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். ஜெஸ்ஸிக்குப் பிறகு எவலினைச் சமவெளியில் பணியாற்ற அனுப்பினார்கள். அவர் மனம் மலையில் இருந்தது. வயதாகிவிட்டது, ஓய்வு பெறுங்கள் என்று மிஷன் சொன்னபோது சரியென்று ஓய்வு பெற்றார். பெற்றவர் நேரே மலைக்கு ஏறிவிட்டார். எழுபது வயதுக்கு மேலும் மட்டக்குதிரைமேல் கொல்லியிலும் கல்வராயனிலும் ஊர் ஊராகப் போனார், மருந்துப் பெட்டியோடு. விழுந்து இடுப்பு உடைந்தது. பிறகு இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் கண்ணாடி கிடையாது என்று மகன் எழுதியிருக்கிறார். 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில், இந்த மலையிலேயே அடக்கம்.

நான் முதலில் தோள்களைப் பற்றிச் சொன்னேன். இந்தக் கதையில் வெள்ளைக்காரக் குடும்பத்துக்குப் பிறந்த தேதி உண்டு, இறந்த தேதி உண்டு, எழுதிய கடிதம் உண்டு. டோலி தூக்கியவர், கிணற்றுக்குச் சுவர் வைத்தவர், தகரத் தட்டைத் தூணில் கவிழ்த்த தச்சரின் கையாள், சேற்றை அள்ளிக் காட்டிய கிழவர், இவர்கள் யாருக்கும் பெயர் இல்லை. அந்தக் கிழவர் இந்த மலையின் பதினான்கு நாடுகளில் எந்த நாட்டிலும் இருந்திருக்கக்கூடிய ஆள். அவர் வழி வந்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்துவிட்டுப் போகிறேன். எவலின் அம்மையாரைக் குதிரையில் கண்ட குழந்தைகளுக்கு இன்று அறுபது, எழுபது வயது. அவர்களுக்கும் மூத்தவர்கள் சிலர் இன்னும் நினைவோடு இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு நோட்டும் கைப்பேசியும் கொண்டு போய் உட்காருங்கள். நரம்புச் சிலந்தி யாருக்கு வந்தது, எந்தக் கிணற்றுக்கு எப்போது சுவர் வந்தது, சேந்தமங்கலம் சந்தைக்கு எந்தத் தடம் வழியாக இறங்கினார்கள், தலைச்சுமை எவ்வளவு என்று கேளுங்கள். காய்ச்சல் வருடத்தைப் பற்றி அவர்களின் பாட்டி என்ன சொன்னார் என்று கேளுங்கள். சொல்வதைச் சொன்னபடியே, இந்த மலையின் பேச்சிலேயே எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் ஊரையும் மறக்காமல் போடுங்கள். அந்த நோட்டுகள் சேர்ந்தால் இந்த அறக்கட்டளை அடுத்த ஆண்டு வெளியூர்ப் பேச்சாளரைத் தேட வேண்டாம். நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டிய கேள்வியையும் சொல்லிவிடுகிறேன்: உங்கள் சின்ன வயதில் ஊர் வயலின் மடையைப் பார்த்துக்கொண்டவர் யார், அவர் பெயர் என்ன?